தனியாள் தொழிலும் குடும்ப நிலமும்

நமது கிராமங்களில் உழவோடு வேறொரு சிறு தொழிலையும் மேற்கொண்டு குடும்ப வருவாயைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் விவசாயிகள் பலர் உளர். மரச்செக்கு, மாவு மில், தீவனக் கடை, பால் பொருள் தயாரிப்பு போன்ற இத்தொழில்களிற் பெரும்பாலானவை ஒருவரே முதலிட்டு, ஒருவரே நடத்தி, இலாப நட்டம் இரண்டையும் ஒருவரே ஏற்கும் தனியாள் தொழில்கள் ஆகும். இவற்றைத் தொடங்குவது மிக எளிது. அந்த எளிமையே சில வேளைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நிலத்துக்கு ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆகவே, தொழில் தொடங்க எண்ணும் விவசாயியும், அவருக்கு ஆலோசனை கூறும் நிலையில் உள்ள பஞ்சாயத்து உறுப்பினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு ஆராய்வோம். விளக்கத்தின் பொருட்டு, தாம் விளைவித்த நிலக்கடலையோடு சந்தையிலும் சிறிது வாங்கி, மரச்செக்கில் ஆட்டி எண்ணெய் விற்க முனையும் விவசாயி ஒருவரை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சட்டத்தின் பார்வையில்

இருவர் அல்லது பலர் கூடி நடத்தும் கூட்டு வாணிபத்துக்கு 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. கம்பெனிகளுக்கு 2013-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தனியாள் தொழிலுக்கோ இவ்வாறு ஒரு தனிச் சட்டம் இல்லை. ஒருவர் தம் பொறுப்பில் தொழிலைத் தொடங்கிய கணமே அது தனியாள் தொழில் ஆகிவிடுகிறது. அதைத் தோற்றுவிக்கும் பதிவு என்று ஒன்று கிடையாது. பின்னர் கூறப்போகும் பதிவுகளெல்லாம் வரிக்காகவும், உணவுப் பாதுகாப்புக்காகவும், அரசின் சலுகைகளுக்காகவும் ஏற்பட்டவையேயன்றித் தொழிலுக்குத் தனி உயிர் கொடுப்பவை அல்ல.

இதன் பொருள் யாது? நம் விவசாயி தம் குலதெய்வத்தின் பெயரையோ பாட்டியாரின் பெயரையோ பலகையில் எழுதிக் கடைக்குமேல் மாட்டலாம். பெயருக்குக் கீழே ‘புரொப்ரைட்டர்’ என்று தம் பெயரையும் பொறித்துக்கொள்ளலாம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பலகை தெரியாது. அதன் பின்னால் நிற்கும் மனிதர் மட்டுமே தெரிவார். கடை வாங்கிய கடன் அவர் வாங்கிய கடன். கடைக் கணக்கின்மீது அவர் எழுதிக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கம்பெனியில் பங்கு வாங்கியவர் தம் பங்குத் தொகையோடு தப்பிக்கலாம். தனியாள் தொழிலில் அவ்வாறான வேலி எதுவும் இல்லை.

நிலத்துக்கு நேரக்கூடியது

‘கடனுக்குச் செக்கையும் மோட்டாரையும் எடுத்துக்கொள்ளட்டும், என் காணி அப்பா வழியில் வந்தது, அதை யார் தொட முடியும்?’ என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. தொழிற்கடனுக்காக நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றவர், கடனாளியின் பெயரில் உள்ள நிலத்தையும் ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். நிலம் எவ்வழியில் வந்தது என்பது அங்கே கேள்வியன்று; அதில் அவருக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

எனினும் சட்டம் விவசாயியை அடியோடு கைவிட்டுவிடவில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, விவசாயியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு வேண்டிய கால்நடைகளையும், விதைத் தானியத்தையும், அவர் குடியிருக்கும் வீட்டையும் ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கைவினைஞரின் கருவிகளுக்கும் இத்தகைய விலக்கு உண்டு. ஆனால் உழுத நிலத்துக்கு அந்தப் பிரிவில் விலக்கு இல்லை. மேலும், இச்சலுகைக்கு உரிய ‘விவசாயி’ என்பவர் நிலத்தைத் தாமே பயிரிட்டு, பெரும்பாலும் அந்த வருவாயைக் கொண்டே வாழ்பவராக இருத்தல் வேண்டும். செக்கு வருமானம் வயல் வருமானத்தை மிஞ்சிவிட்ட ஒருவர், இவ்விலக்கைக் கேட்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எதிர்த்துப் பேச இடமுண்டு. தொழில் வளர வளரப் பாதுகாப்புக் குறைகிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் உண்மை அதுவே.

அடமானம் வைத்தால் நிலைமை வேறு. மனமுவந்து ஈடாக எழுதிக் கொடுத்த வீட்டுக்கு மேற்கூறிய விலக்குப் பொருந்தாது. நீதிமன்றத்துக்குச் செல்லாமலே ஈட்டுச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து விவசாய நிலம் விலக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும், வங்கி முறையாக வழக்குத் தொடுத்து அந்நிலத்தை விற்பதை இது தடுக்காது.

ஆதலின், தனியாள் தொழிலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சிறு முதலில் தொடங்குவோர்க்கு இதைவிடச் செலவு குறைந்த அமைப்பு வேறில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் மட்டுமே கொண்ட கம்பெனிக்கும் இடம் தருகிறது. அதில் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கையும் அறிக்கைகளும் கட்டாயம் ஆதலால், ஒரு செக்கு வைத்திருப்பவர்க்கு அது சுமையாகவே இருக்கும். கூட்டாண்மையோ இன்னும் கவனத்துக்குரியது. பங்காளி வாங்கிய தொழிற்கடனுக்கும் நம் சொத்தே பொறுப்பாகும். எனவே தனியாள் தொழிலையே தேர்ந்து, சட்டம் போடாத வேலியைத் தாமே போட்டுக்கொள்வதே நம் விவசாயிக்கு ஏற்றது. அந்த வேலி இரண்டு வகையானது: ஒன்று கணக்கு, மற்றொன்று கடனில் கட்டுப்பாடு.

இரண்டு பெட்டிகள்

வீட்டுக்கு ஒரு பெட்டி, கடைக்கு ஒரு பெட்டி என்று முதல் நாளிலேயே பிரித்துவிட வேண்டும். வங்கியிலும் தொழிலின் பெயரில் தனியாக நடப்புக் கணக்குத் தொடங்குவது நலம். தொழில் நடைபெறுவதற்குச் சான்றாகப் பொதுவாக இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் பதிவுச் சான்று, சரக்கு சேவை வரிச் சான்று, வருமான வரி அறிக்கை, தொழிலின் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது ஆகியவை அத்தகையன.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கொன்றைக் கொண்டே பார்ப்போம். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பெற இரண்டரை முதல் மூன்று கிலோ வரை பருப்புத் தேவைப்படும். 100 கிலோ பருப்பில் 36 லிட்டர் எண்ணெயும் 60 கிலோ புண்ணாக்கும் கிடைப்பதாகவும், மீதி கசண்டிலும் ஈரத்திலும் கழிவதாகவும் கொள்வோம். பருப்பு கிலோ 120 ரூபாய், எண்ணெய் லிட்டர் 300 ரூபாய், புண்ணாக்கு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தைக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம். பருப்புக்கு 12,000 ரூபாய் செலவு. எண்ணெயில் 10,800 ரூபாயும் புண்ணாக்கில் 2,400 ரூபாயும் ஆக வரவு 13,200 ரூபாய். மிச்சம் 1,200 ரூபாய். போத்தல், மின்சாரம், ஆட்கூலி இவற்றுக்கு 700 ரூபாய் கழித்தால் கையில் நிற்பது 500 ரூபாய்.

இப்பொழுது, அடுக்களைக்கு ஒரு லிட்டரும் மைத்துனர் வீட்டுக்கு ஒரு லிட்டரும் எழுதாமல் எடுத்துக் கொடுக்கப்பட்டன என்று கொள்வோம். அவற்றின் விலை 600 ரூபாய். ஆதாயம் முழுவதும் போய், 100 ரூபாய் நட்டம் வந்துவிட்டது! செக்கு நாள் முழுதும் சுற்றியிருக்கிறது. வாடிக்கையாளர் வந்து போயிருக்கின்றனர். தொழில் நன்றாக நடப்பதாகவே ஊர் பேசுகிறது. நட்டமோ அடுத்த மாதம் பருப்பு வாங்கப் பணம் போதாதபோதுதான் தெரியும். அப்போது அந்தக் குறையைக் கடன் வாங்கி நிரப்புவர். நிலம் கைமாறுவதற்கு முதற்படி பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒன்றோ இரண்டோ லிட்டர்தான். மைத்துனருக்குக் கொடுக்க வேண்டாம் என்பது நம் கருத்தன்று; கொடுத்ததை எழுத வேண்டும் என்பதே கருத்து.

மேற்படி கணக்கில் உரிமையாளரின் உழைப்புக்கு ஒரு காசும் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனிக்க. மாதந்தோறும் ஒரு தொகையைத் தமக்குச் சம்பளமாக நிர்ணயித்து, வீட்டுச் செலவுக்கு அதை மட்டுமே எடுத்தல் வேண்டும். எடுத்த நாளில் சிட்டையில் ‘உரிமையாளர் பற்று’ என்று எழுதிவிட வேண்டும். சிட்டை, ரொக்கப் புத்தகம், கடன் வாங்கியோர் பேரேடு ஆகிய மூன்று நோட்டுகள் ஒரு செக்குக்குப் போதும்.

சொந்த வயலில் விளைந்த கடலையைச் செக்குக்குக் கொண்டுவரும்போது பலர் அதற்கு விலை போடுவதில்லை. இதனால் வயலின் இலாபம் செக்கின் இலாபமாகத் தோன்றி, உண்மையில் எது சோறு போடுகிறது என்பது மறைந்துவிடுகிறது. அன்றைய சந்தை விலைக்கு வயலிடமிருந்து செக்கு வாங்கியதாகவே எழுத வேண்டும். இதில் வரிப் பயனும் இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு மைய அரசின் வருமான வரி இல்லை. எண்ணெய் ஆட்டி விற்பதால் வரும் வருமானமோ தொழில் வருமானமாகும். சொந்த விளைபொருளைத் தொழிலில் பயன்படுத்துவோர் அதன் சந்தை மதிப்பைக் கழித்துக்கொண்டே தொழில் வருமானத்தைக் கணக்கிடலாம். எழுதி வைத்தவர்க்கே இந்தக் கழிவை மெய்ப்பிக்க முடியும்.

ஆண்டு விற்றுவரவு 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலர், விற்றுவரவில் 8 சதவிகிதத்தை இலாபமாகக் காட்டி வரி அறிக்கை தரும் எளிய முறை ஒன்று உண்டு. வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ பெற்ற தொகைக்கு இது 6 சதவிகிதம். இம்முறையில் வரித்துறைக்காகப் பேரேடு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைக் கேட்டுச் சிலர் நோட்டுகளை மூடிவிடுகின்றனர். வரித்துறைக்கு வேண்டாம் என்றால் நமக்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

அனுமதிகளும் பதிவுகளும்

இயந்திரம் நிறுவுவதற்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதற்கு வகை செய்கிறது. செக்கின் ஓசையும் கழிவும் அண்டை வீட்டாருக்கு இடையூறாகுமா என்பதை உறுப்பினர்கள் நேரிற் பார்த்து முடிவு செய்தல் நன்று. மனுவை மாதக்கணக்கில் கிடப்பிற் போட்டால், அனுமதியின்றியே தொழில் தொடங்கும் பழக்கத்தைப் பஞ்சாயத்தே வளர்த்ததாகும். தொழில் நடத்துவோர் ஊராட்சிக்குத் தொழில் வரி செலுத்த வேண்டும். அரைஆண்டுதோறும் வசூலிக்கப்படும் இவ்வரி, அரசியலமைப்பின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது.

உணவுப் பொருளாதலால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்பனை அளவுக்கேற்பப் பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயம். எண்ணெயை உதிரியாக அளந்து ஊற்றி விற்பதற்கு, மாநில அரசு விலக்கு அளித்தாலன்றி, 2011-ஆம் ஆண்டு முதல் விதிகள் இடந்தருவதில்லை. போத்தலில் அடைத்து, தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், விலை முதலியவற்றைச் சீட்டில் அச்சிட்டே விற்க வேண்டும். தராசு முத்திரையிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். நம் மாநிலத்தில் இதனைத் தொழிலாளர் துறையினர் கவனிக்கின்றனர்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பம்பு செட்டுக்கு வரும் கட்டணமில்லா மின்சாரத்திலிருந்தே செக்கு மோட்டாருக்குக் கம்பி இழுத்துக்கொள்ளும் எண்ணம் சிலருக்குத் தோன்றும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, இவ்வாறு அனுமதியற்ற வகையிற் பயன்படுத்திய மின்சாரத்துக்கு உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கப்படும். தனி இணைப்பே எப்போதும் மலிவு.

சரக்கு சேவை வரிப் பதிவு, பொருள் மட்டும் விற்போர்க்கு ஆண்டு விற்றுவரவு 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போதே நம் மாநிலத்திற் கட்டாயமாகிறது. ஆனால் பிறர் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது பொருள் விற்பனை அன்று, சேவை. கூலியாட்டமும் சேர்ந்திருந்தால் 20 இலட்சத்தையே எல்லையாகக் கொள்ள வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிய விற்பனைக்கோ எந்த வரம்பும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துச் செக்குக்காரர் புதுச்சேரிக் கடைக்கு எண்ணெய் அனுப்ப விரும்பினால், முதல் போத்தலுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உத்யம் பதிவு 2020-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணையும் நிரந்தரக் கணக்கு எண்ணையும் கொண்டு இணையத்தில் தாமே செய்துகொள்ளலாம். இதற்கு அரசு யாதொரு கட்டணமும் வாங்குவதில்லை. அரசுத் தளம்போலவே தோற்றமளிக்கும் வேறு தளங்களிற் பணம் கட்டி ஏமாறுவோர் உண்டாதலால், ஐயமிருப்பின் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுக.

கடன் வாங்குமுன்

சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ என்றும், அதற்குமேல் 5 இலட்சம் வரை ‘கிஷோர்’ என்றும் பிணையற்ற கடன் வழங்கப்படுகிறது. இவ்வாறிருக்க, கிளை அலுவலர் ஒருவர் பட்டாவைக் கேட்டார் என்பதற்காக உடனே எடுத்துக் கொடுத்துவிடுதல் தகாது. விதியை எடுத்துக்காட்டி, மறுப்பாயின் எழுத்து மூலம் காரணம் கேட்கலாம். பிணையற்ற கடனும் கடனே; திருப்பாவிட்டால் வழக்கு வரும். ஆயினும் ஈடாக எழுதிக் கொடுத்த நிலத்துக்கும், எழுதிக் கொடுக்காத நிலத்துக்கும் இடையே பேச்சுக்கும் தவணைக்கும் அவகாசம் தரும் தூரம் உண்டு.

புரோநோட்டில் வாங்கும் கைமாற்றே நாம் மிகவும் அஞ்ச வேண்டியது. கடலை அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும்போது மொத்தமாக வாங்கி வைக்கும் ஆசையில், தொகை நிரப்பாத நோட்டில் கையெழுத்திடுவோர் இன்றும் இருக்கின்றனர். வெற்றுத்தாளில் இட்ட கையொப்பம் காணியின்மேல் இட்ட கையொப்பமே ஆகும்.

பெண்களுக்கு மானியம் மிகுதி என்பதற்காக மனைவியார் பெயரிலே தொழிலைப் பதிவு செய்யும் வழக்கமும் பரவி வருகிறது. அவரே தொழிலை அறிந்து நடத்துவாராயின் அது பெரிதும் வரவேற்கத் தக்கது. பெயர் அவருடையது, பணப்பை கணவருடையது என்றால், அவர் அறியாத கடனுக்கு அவருடைய நகையும் அவர் பெயரில் உள்ள நிலமும் பொறுப்பாகும். கையெழுத்திடும் முன் கணக்கைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை மகளிர் குழுக்களிலும் கிராம சபையிலும் எடுத்துரைக்க வேண்டும்.

வர வேண்டிய பாக்கி

கடன் கொடுப்பதிலும் எல்லை வேண்டும். நகரத்துக் கடைக்காரர் 50 போத்தல் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பது புதிதன்று. 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்குப் பரிகாரம் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படாமலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இந்த உரிமை உத்யம் பதிவு பெற்ற உற்பத்தியாளர்க்கு உண்டு. வாங்கி விற்கும் வணிகர்க்கு இல்லை. எனவே செக்காட்டுவோர் சரக்கு அனுப்பும் முன்னரே பதிவை முடித்துக்கொண்டு, விலைப்பட்டியலிற் பதிவு எண்ணையும் அச்சிட வேண்டும்.

உரிமையாளருக்குப் பின்

தனியாள் தொழிலின் ஆயுள் உரிமையாளரின் ஆயுளே. அவர் காலமானால் உரிமங்களும் பதிவுகளும் தாமாக மகனுக்கோ மகளுக்கோ போய்விடுவதில்லை. வாரிசுகள் தம் பெயரில் புதிதாகவோ மாற்றியோ பெற வேண்டும். கடனைப் பொறுத்தவரை, வாரிசுகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். தாம் உழைத்துச் சேர்த்த பொருளுக்குப் பங்கம் இல்லை. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையைக் கொண்டு மட்டும், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்காக மகன்மீது வழக்குத் தொடர இயலாது. ஆனால் தந்தை விட்டுச் சென்ற நிலம் கடனுக்கு உட்பட்டதாகவே வந்து சேரும். அதை மீட்க வேண்டுமாயின் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். பேரேட்டை மாதம் ஒருமுறை மனைவி அல்லது மூத்த பிள்ளையிடம் காட்டிவரும் வழக்கம் நல்லது. நடப்புக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடும் படிவமும் வங்கியில் உண்டு. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் நால்வர் வரை குறிப்பிடலாம். கணக்குத் தொடங்கும் நாளிலேயே அதை நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பேரேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.